பன்னிரண்டு முடிவிலும் ரேடியோ பழுது

நாற்பத்திரண்டு வருடத்தில் நான் எழுதிய பத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், உத்திரமேரூர் பெருமாள் கோயில் விமானம் அதன் முழங்காலுக்குத்தான் வரும். நம்பாதவர்கள் அடுக்கிப் பார்க்கலாம். இரண்டு வருடத்துக்கு முன்னால் பத்திர எழுத்தர் தொழிலை மருமகன் மோகன்குமாரிடம் ஒப்படைத்துவிட்டு, சார் பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் எங்கள் கடையிலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வேலை கிடையாது. அடுத்தவர் சமாசாரம் மட்டும்தான். எழுபத்தொரு வயதில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு சந்தோஷம் ஆகாது என்று டாக்டரே எச்சரித்திருக்கிறார்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு திங்கட்கிழமை, மானாம்பதி ஏகாம்பரத்தின் ஒரே மகன் சுகுமார் பைக்கை நிறுத்திவிட்டு வந்தான். இன்ஜினியரிங் படித்தவன். சென்னைக் கம்பெனிக்கு வீட்டு மாடியிலிருந்தே வேலை செய்கிறான். கடைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தான். டைப் அடிக்கும் சோபியா சாப்பிடப் போயிருந்தாள். அது தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

“ரைட்டர் சார், ஒரு எழுத்து வேல கீது. பத்திரம் இல்ல.”

“பத்திரம் இல்லாத எழுத்து எனுக்கு வராதுப்பா.”

“லவ் டயலாக் சார்.”

என் நாற்காலியின் ஒரு கால் அந்த நிமிடம்தான் மடங்கியது. சத்தியமாக.

லேப்டாப்பைத் திறந்து காட்டினான். அவனே செய்த கேம். சுடுவதும் ஓடுவதும் கிடையாது. படம் அசையாமல் நிற்கிறது, கீழே வசனம் ஓடுகிறது, நடுநடுவே இரண்டு மூன்று கட்டங்கள் வருகின்றன. எந்தக் கட்டத்தை அழுத்துகிறோமோ அந்தப் பக்கம் கதை திரும்புகிறது. வருடம் 2986. பூமியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. சனிக் கிரகத்தின் ஒரு நிலாவில் கடைசித் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதற்குக் காவல் ஒரு பெண், பாதி மனுஷி, பாதி இயந்திரம். அங்கே விண்கலத்தில் வந்து இறங்குகிறான் கேப்டன் ஆதவன். காதல். ஆனால் ஏழு நாளைக்கு ஒருமுறை அவளுடைய ஞாபகத்தை அவளைச் செய்த கம்பெனி சுத்தமாக அழித்துவிடும். எட்டாம் நாள் காலையில் அவள் அவனைப் பார்த்து யாரென்று கேட்பாள். அவன் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கட்டங்களைச் சரியாக அழுத்தினால் காதல் கைகூடும், தப்பாக அழுத்தினால் விண்கலம் வெடிக்கும். மொத்தம் பன்னிரண்டு முடிவுகள்.

“அந்தப் பொண்ணு பேரு இன்னா?”

“அலகு-7.”

“ரேசன் கார்டு நம்பர் மாதிரி கீதுப்பா. பேரு? தகப்பன் பேரு? ஊரு?”

“பாதி மெசின் சார் அது.”

“மீதிப் பாதிக்குத் தகப்பன் வோணுமே!”

இது என் தொழில் தர்மம். தகப்பன் பேரும் ஊரும் இல்லாத பேரை நாங்கள் மொட்டைப் பேர் என்போம். சின்ன வயதில் ஒரு பத்திரத்தில் வெறும் ‘முனுசாமி’ என்று எழுதிவிட்டேன். பதினோரு முனுசாமிகள் கோர்ட்டுக்கு வந்தார்கள். அதில் ஒருவர் செத்துப்போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து என் கை மொட்டைப் பேர் எழுதியதில்லை.

சுகுமார் கெஞ்சினான். அவன் படித்தது இங்கிலீஷ் மீடியம். தமிழில் காதலைச் சொல்லப் போனால் பால்காரனுக்கு எழுதிய சீட்டு மாதிரி வருகிறதாம். “உங்க எழுத்துல ஓட்டையே இருக்காதுன்னு நைனா சொல்வாரு சார்.”

“ஆருக்குப்பா இவ்ளோ பாடு?”

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். எங்கள் கடை சோபியாவுக்காகத்தான். மாகறலில் செய்யாற்றங்கரையோரம் ஏகாம்பரத்துக்கு நாலு ஏக்கர் இருக்கிறது. அதில் பாடுபடுகிறவர் அருள்தாஸ். அவருடைய மகள் சோபியா. ஒரு அறுப்பு சமயத்தில் ஆரம்பித்து இரண்டு வருடமாகிறது. இப்போது ராஜகுளத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள், இன்னும் மூன்று வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் கேமை முடித்து அவள் கையில் கொடுத்துவிட வேண்டும்.

“உங்க நைனா கிட்ட சொன்னியா?”

“சொல்லணும் சார்.”

“எப்போ?”

“சொல்லணும் சார்.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “அவளுக்குத் தெரிய வாணாம் சார். சர்ப்ரைஸ்.”

நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்து கொடுத்தேன். அவன் பைக் பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் சோபியா சாப்பிட்டுவிட்டு வந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூன்று மணி நேரம் பொறுத்திருக்கலாம்தான். ஆனால் எனக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது.

சோபியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பி.காம். படித்தவள். அவள் டைப் அடிக்கும் வேகத்துக்கு கீபோர்டிலிருந்து ஆவி பறக்கும். பக்கத்துக் கடைக்காரர் அதில் முட்டை வேகவைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். பேச்சு மட்டும் குறைவு. கதையைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“டைப் ஆரு அடிக்கப் போறாங்க?”

“நீதான்.”

அப்படித்தான் நான் கையால் எழுத எழுத, தனக்கு வரப்போகும் சர்ப்ரைஸைத் தானே டைப் அடித்தாள் சோபியா. நான் அதை ஒரு பென் டிரைவில் போட்டு, மோகன்குமார் அடித்ததாகச் சொல்லி சுகுமாரிடம் கொடுத்துவிடுவேன். அவன் பூரித்துப்போவான்.

எனக்குத் தெரிந்தது பத்திர நடை ஒன்றுதான். கேப்டன் ஆதவன் என் கையில் இப்படிப் பேசினான்: ‘எனது மனதை இன்று முதல் தங்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டபடியால், அதைத் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. மேற்படி மனதின் பேரில் இதற்கு முன் யாதொரு வில்லங்கமும் இல்லை என்று உறுதி கூறுகிறேன்.’ ஞாபகம் அழிந்த எட்டாம் நாள் காலையில் அலகு-7 கேட்கும் கேள்வியையும் நான்தான் எழுதினேன்: ‘தாங்கள் யார்? தகப்பனார் பெயர் என்ன? எந்த ஊர்?’

முதலில் சோபியா சிரித்தாள். ‘ஆண்டு அனுபவித்துக்கொள்ள’ என்ற இடம் வந்தபோது விரல் நின்றது. 

“நல்லாகீதா?” என்றேன்.

“நெலத்துக்கு எழுதும்போது இது எனுக்கு ஒண்ணும் தெரியல சார். மனசுக்கு எழுதனா வேற மாதிரி கீது.”

அப்புறம் நானே எதிர்பார்க்காத ஒன்றைக் கண்டுபிடித்தாள். இரண்டாவது வாரம் அது. பன்னிரண்டு முடிவுகளில் எட்டை அடித்து முடித்திருந்தாள்.

“சார், கேப்டன் கிட்ட பூமிக்குப் பேசற ரேடியோ ஒண்ணு கீது இல்ல? தலைமையகத்துல அவங்க நைனாதான் கமாண்டர்.”

“ஆமா.”

“இந்தப் பொண்ணப் பத்தி நைனா கிட்ட சொல்லப் போறப்போ அல்லாம் ரேடியோ கெட்டுப்பூடுது. ஒரு முடிவுல விண்கல்லு வுழுது. ஒண்ணுல பேட்டரி தீர்ந்துடுது. ஒண்ணுல இவுரு தண்ணிய ஊத்திடறாரு. பாத்தீங்களா?”

சுகுமார் எழுதிக் கொடுத்த கதைச் சுருக்கத்தை எடுத்துப் பார்த்தேன். மீதி நாலிலும் அப்படியேதான் இருந்தது. பன்னிரண்டு முடிவு. பன்னிரண்டிலும் ரேடியோ பழுது. நான் சிரித்த சிரிப்பில் எதிரே அலுவலகத்தில் டோக்கன் கூப்பிடுகிறவர் எண்ணை மறந்துவிட்டார்.

சோபியா சிரிக்கவில்லை. “போன்ல எம்பேர எப்டிப் போட்டு வெச்சிகீறாரு தெரியுமா? மோகன் டி.டி.பி. அவங்க நைனா பக்கத்துல இருக்கும்போது நான் போன் பண்ணா, ‘சொல்லுங்க அண்ணா’ம்பாரு.”

“ரெண்டு வருசமாவா?”

“ரெண்டு வருசமா. எனுக்குக் கேம் வாணாம் சார். கேப்டன் ஆயிரம் தபா சொல்லட்டும். இவுரு அவங்க நைனா எதுர்ல, என்னைப் பக்கத்துல வெச்சிக்கினு, எம்பேர ஒரு தபா சொன்னா போதும். ஒரே தபா. அதுக்கப்புறம் ராஜகுளத்துக்காரங்களுக்கு நானே டாட்டா காட்டிடுவேன்.”

அவள் அப்படிச் சொன்ன இரண்டாம் நாள் ஏகாம்பரமே வந்து நின்றார். மாகறல் நாலு ஏக்கரை மகன் பேருக்குத் தான செட்டில்மெண்ட் எழுத வேண்டுமாம். நிலம் பையன் பேரில் இருந்தால்தான் பெரிய இடத்தில் பெண் கேட்க முடியுமாம். ஏகாம்பரம் ஆறடி. மீசை தனியாக ஓரடி. சிரித்துக்கொண்டே குழி பறிக்கிறவர். அதனால்தான் எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

“புதன்கிழமை பத்தரைக்கு வாங்க,” என்றேன் அவரிடம்.

சுகுமாருக்குப் போன் போட்டேன். “புதன்கிழமை எப்டியும் கையெழுத்துப் போட வரப்போற. பத்து மணிக்கே வந்துடு, லேப்டாப்போட. உங்க நைனா பன்னண்டுக்குத்தான் வராரு. சோபியா கைல கேமைக் குடுத்துடு. ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடி வேற நாள் கெடைக்காது.”

“சார், நீங்க தெய்வம் சார்,” என்றான்.

அன்று சாயந்திரம்தான் பன்னிரண்டாவது முடிவின் கடைசித் திரையை எழுதினேன். அதில் கேப்டன் அலகு-7க்கு உறுதிமொழி கொடுக்க வேண்டும். என் கை தானாக எழுதியது. சரி, முழுக்கத் தானாக இல்லை. ‘உத்திரமேரூர் வட்டம், மாகறல் கிராமம், அருள்தாஸ் குமாரத்தி சோபியா அவர்களுக்கு, மானாம்பதி கிராமம், ஏகாம்பரம் குமாரர் சுகுமார் நல்ல நினைவுடனும் சுயபுத்தியுடனும் பிறர் தூண்டுதலின்றி எழுதிக்கொடுத்த மனசு செட்டில்மெண்ட்.’

சோபியா காகிதத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“இதையும் அடிக்கட்டுமா?”

“அடிம்மா.”

“அவுரு படிச்சிட்டாருன்னா எடுத்துடுவாரு.”

“கடைசிப் பக்கத்த ஆரும்மா படிக்கிறாங்க?”

என் நாற்பத்திரண்டு வருட அனுபவத்தின் சாரம் இது. முதல் பக்கத்தில் பேர் சரியா என்று பார்ப்பார்கள். நடுவில் சர்வே நம்பரைப் பார்ப்பார்கள். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து போடும் இடத்தை மட்டும் தேடுவார்கள். சுகுமார் அதைக்கூடத் தேடவில்லை. அப்படியே எடுத்துக் கேமில் ஒட்டிவிட்டான். சோபியா ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் அடித்திருந்தாள்.

புதன்கிழமை பத்து மணி. மோகன்குமார் டோக்கன் வாங்க எதிரே போயிருந்தான். சுகுமார் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, லேப்டாப்பை சோபியாவின் மேசைமேல் வைத்தான். 

“உனுக்காக செஞ்சது. தப்பான பட்டன அமுக்கினா கப்பல் வெடிச்சிடும், பாத்து ஆடு.”

அவள் ஆட ஆரம்பித்தாள். எல்லாம் அவளே அடித்த வசனமாயிற்றே! கட்டம் வருவதற்கு முன்பே விரல் அங்கே போய்க் காத்திருந்தது. ஒருமுறைகூட வெடிக்கவில்லை. சுகுமாருக்குக் கண் கலங்கிவிட்டது.

“சார், மொத தபாவே அல்லாம் கரெக்டா அமுக்கறா சார்! என் மனசு அவளுக்குத் தெரியுது சார்!” என்று என் காதில் சொன்னான். நான் மேல்துண்டை வாயில் திணித்துக்கொண்டேன்.

பத்தரைக்கு ஏகாம்பரம் உள்ளே வந்தார்.

சுகுமாரின் முகத்திலிருந்து இறங்கிய இரத்தம் செருப்பு வரை போயிருக்கும். “நைனா! பன்னண்டுக்குன்னு…”

“ரைட்டர் பத்தரைன்னாரு. இன்னாடா இது, சினிமாவா?”

“இல்ல நைனா. ஆபீஸ் வேல. டெஸ்டிங்.”

லேப்டாப்பை மூடப் போனான். “இருடா, பாக்கறேன்” என்று ஏகாம்பரம் நாற்காலியை இழுத்துப் போட்டு சோபியாவின் பின்னால் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். சோபியா திரும்பிப் பார்க்கவில்லை. விரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

நீங்கள் நம்ப வேண்டும், அவருக்குக் கதை பிடித்துவிட்டது.

“அந்தப் பொண்ணு ஏன் வாராவாரம் மறந்துடுது?”

“கம்பெனி அழிச்சிடுது நைனா.”

“நல்ல கம்பெனி. வேலக்காரங்களுக்கு அதான் சரி.”

தண்ணீர்த் தொட்டி வந்தது. மூன்று வளையத்தோடு சனி வந்தது. கேப்டன் ரேடியோவைக் கையில் எடுத்தான். திரையில் மின்னல் அடித்தது. ரேடியோ செத்துப்போனது.

“இன்னாடா இது!” என்று ஏகாம்பரம் தொடையில் தட்டினார். “இப்பதான நல்லா இருந்துச்சி! எப்டிக் கெட்டுது?”

“எப்பவுமே கெட்டுடும் சார்,” என்றாள் சோபியா. “பன்னண்டு தபாவும் கெட்டுடும்.”

சுகுமார் அவளைப் பார்த்தான். முதல்முறையாக ஆடுகிறவளுக்குப் பன்னிரண்டும் எப்படித் தெரியும் என்ற கேள்வி அவன் நெற்றியில் எழுந்ததை நான் கண்ணாரக் கண்டேன். அது இறங்குவதற்குள் கடைசித் திரை வந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கடைசிப் பக்கத்தைப் படிக்கிற ஆள் இந்த மாவட்டத்திலேயே ஒருவர்தான். அது ஏகாம்பரம். பங்காளிகளோடு நாற்பது வழக்கு நடத்தியவர். அவர் திரையைச் சத்தமாகவே படிக்க ஆரம்பித்தார், பத்திரம் படிக்கிற அதே ராகத்தில். “உத்திரமேரூர் வட்டம்… மாகறல் கிராமம்… அருள்தாஸ் குமாரத்தி…” ராகம் கொஞ்சம் மெதுவானது. “…சோபியா அவர்களுக்கு… மானாம்பதி கிராமம்… ஏகாம்பரம் குமாரர்…”

மின்விசிறிச் சத்தம் ஒரு ரைஸ் மில்லைப் போலக் கேட்டது.

ஏகாம்பரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரைட்டரே, உங்க கைதான இது?”

“நம்ம கைதான்.”

“மனசு செட்டில்மெண்ட்!” என்று சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். பிறகு மகனிடம் திரும்பினார். “இன்னாடா?”

சோபியா அப்போதுதான் நாற்காலியைத் திருப்பினாள். சுகுமாரை நேராகப் பார்த்தாள். “ரேடியோ நல்லாதான் கீது. பேசுங்க.”

சுகுமார் திரையைப் பார்த்தான். கேமில் இந்த மாதிரி நேரத்தில் மூன்று கட்டங்கள் வரும். இங்கே எதுவும் வரவில்லை.

“சும்மா நைனா,” என்றான். “கேம்தான. ஏதாவது ஒரு பேரு போடணும்னு போட்டுது. டம்மி பேரு.”

“டம்மி,” என்று திருப்பிச் சொன்னாள் சோபியா. 

“அதானே!” என்று ஏகாம்பரம் எழுந்தார். “டம்மி பேருக்கு நான் எதுக்கு பேஜாராவணும்? நம்ம அருள்தாஸ் பொண்ணு, நல்ல பொண்ணு. ஏம்மா, நீதான டைப்பு? எம் பத்திரத்த எடு. ஒரு வரி சேக்கணும்.”

அவள் கோப்பைத் திறந்தாள். சொத்து விவரம், நான்கெல்லை எல்லாம் அவள் முந்தின நாளே அடித்தது. கிழக்கே செய்யாறு, மேற்கே காலனிக்குப் போகும் பாதை. அந்தப் பாதையில் மூன்றாவது வீடு அவளுடையது.

ஏகாம்பரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்லச் சொல்ல அடித்தாள். நான் பத்திரத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தேன். தொழில் என்று வந்துவிட்டால் நான் குறை வைக்க மாட்டேன். ‘மேற்படி சுகுமார் என் சம்மதமில்லாமல் திருமணம் செய்துகொள்ளும் பட்சத்தில், இதில் கண்ட சொத்து என் வசமே திரும்பிவிட வேண்டியது.’

விரல் நின்றது.

“சார், இப்டி மொட்டையா போட்டா நிக்காது,” என்றாள் சோபியா, ஏகாம்பரத்திடம். “ஆரைக் கட்டக்கூடாதுன்னு போடணும். பேரு, தகப்பன் பேரு, ஊரு. ரைட்டர் சார் சொல்லிக் குடுத்தது.” என்னைப் பார்த்தாள்.

நான் என்ன சொல்வேன்? “ஆமா ஏகாம்பரம். மொட்டைப் பேர் கூடாது.”

“நீயே போட்டுக்கம்மா, ஒனக்குத் தெரியாததா?” என்று ஏகாம்பரம் புன்னகைத்தார்.

“நானா போடக்கூடாது சார். வாங்கறவரு சொல்லணும், நான் அடிக்கணும். அதான் முறை.”

அப்படி ஒரு முறை எந்தச் சட்டத்திலும் கிடையாது. நான் வாயைத் திறக்கவில்லை. ஏகாம்பரத்தின் மீசை அப்படியே மேலே ஏறியது. தன்னைப் போல ஒருத்தியைப் பார்த்த சந்தோஷம் அது.

“சொல்றா,” என்றார் மகனிடம். “நைனா கேக்கறேன்.”

“நைனா, வாணாம் நைனா.”

“நெலம் வாணாமா?”

சுகுமார் சுவரைப் பார்த்தான். சுவரில் மாதக் காலண்டர். அதையும் கடைசி நாள் வரை படித்திருப்பான்.  அந்த நேரத்தில் எதிரே அலுவலகத்தில் ஒரு கிரயமும் இரண்டு அடமானமும் முடிந்திருக்கும்.

“சோபியா,” என்றான்.

அவள் அடித்தாள். “தகப்பனார் பேரு?”

“…அருள்தாஸ்.”

“ஊரு?”

“மாகறல்.”

“வட்டம்?”

“உத்திரமேரூர்.”

“காஞ்சிபுரம் மாவட்டம் நானே போட்டுக்கறேன்,” என்றாள்.

நைனா எதிரில், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் பேரை ஒரு தடவை சொல்லிவிட்டான். அவள் கேட்டது அவ்வளவுதான்.

டோக்கனோடு வந்த மோகன்குமார் திரையை எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்தான். “மாமா, இன்னா கூத்து இது? ஒரு பொண்ணு பேரப் போட்டு இப்டி ஒரு ஷரத்தா? சார் பதிவாளர் ஒத்துக்க மாட்டாரு. பிரச்சனையாயிடும்.”

“எடுக்கச் சொன்னா எடுத்துக்கலாம் தம்பி,” என்றார் ஏகாம்பரம். “இவன் வாயால கேட்டுட்டேன். அது போதும்.”

“எனுக்கும் அது போதும் சார்,” என்றாள் சோபியா. கர்சரை அந்த வரியின் முடிவில் வைத்து, பின்னோக்கி அழிக்க ஆரம்பித்தாள். ஒரேயடியாக அழிக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாக. மாவட்டம் போனது, வட்டம் போனது, மாகறல் போனது, அருள்தாஸ் போனார். கடைசியாக அவள் பேர் போனது. பிறகு பிரிண்ட் கொடுத்தாள்.

சாட்சி இரண்டு பேர் வேண்டும். ஒன்று நான். இன்னொரு ஆளைத் தேடி மோகன்குமார் வாசலுக்குப் போவதற்குள் சோபியா பேனாவை எடுத்துவிட்டாள்.

“நீயா?” என்று அப்போது மட்டும் ஏகாம்பரம் கொஞ்சம் தடுமாறினார்.

“ஆதார் கொண்டாந்துகீறேன் சார்.”

முழுசாகக் கையெழுத்துப் போட்டாள். பேர், தகப்பன் பேர், ஊர். அந்த நாலு ஏக்கர் சுகுமாருக்குப் போனதற்கு அவளே சாட்சி. அலுவலகத்தில் அவன் கைரேகை வைத்தபோது இயந்திரம் மூன்று தடவை ஏற்கவில்லை. விரல் அவ்வளவு வேர்த்திருந்தது.

பதிவு முடிந்து ஏகாம்பரம் காரில் ஏறினார். சுகுமார் லேப்டாப்பை எடுக்கிற சாக்கில் கடைக்குத் திரும்பி ஓடி வந்தான்.

“சோபியா, ஒரு நிமிசம். நைனா போன அப்பறம் நான் மெதுவா… நெலம் இப்ப எம்பேர்ல கீது. இனிமே எதுன்னாலும்…”

அவள் தலையைத் தூக்கினாள். அவனை இதற்குமுன் பார்த்ததே இல்லாத மாதிரி ஒரு பார்வை. நான் எழுதிய வசனத்தை ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள்.

“தாங்கள் யார்? தகப்பனார் பெயர் என்ன? எந்த ஊர்?”

நான் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கு வழியாக வந்து எதிர்ச் சுவர் வரை போனது. கறை இன்னும் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன். சுகுமார் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். ஏகாம்பரம் காரிலிருந்து ஹாரன் அடித்தார். அவன் போனான்.

சோபியா என் பக்கம் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. அழவில்லை. “சந்தோசமா சார்?”

வயசான காலத்தில் பொய் சொல்லக் கூடாது. “ரொம்ப,” என்றேன்.

“தெரியும்,” என்றாள். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. பார்சல் டீ வந்தால் என் டம்ளரை மட்டும் காலியாக வைத்தாள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ராஜகுளத்துக்காரர்கள் வந்தார்கள். காபியா டீயா என்று அவள் கேட்டதற்கு மாப்பிள்ளை தன் அம்மா முகத்தைப் பார்த்தானாம். திருப்பி அனுப்பிவிட்டாள்.

சுகுமாரை நீங்கள் பார்க்க வேண்டுமானால் எங்கள் கடைக்கு வரலாம். பட்டா மாற்றம், வில்லங்கச் சான்று, சர்வே நகல் என்று அந்த நாலு ஏக்கருக்கு வேலை ஓய்வதே இல்லை. கிட்டத்தட்ட ஏழு நாளைக்கு ஒருமுறை வருகிறான். நாங்கள் மனு போடும் படிவத்தில் முதல் மூன்று கட்டங்களும் அந்த மூன்று கேள்விகள்தான். சட்டப்படி கேட்டே ஆக வேண்டும், யாரும் குறை சொல்ல முடியாது. சோபியா கீபோர்டில் விரலை வைத்துக்கொண்டு, அவன் முகத்தை முதன்முதலாகப் பார்க்கிறவளாகக் கேட்கிறாள். பேர் என்ன? தகப்பனார் பேர்? ஊர்?

அவனும் ஒவ்வொரு முறையும் சொல்கிறான். நான் அந்த நாட்களில் மத்தியானம் தூங்குவதில்லை.